வலப்பக்கத்துச் சாயல்

ஹஸ்னா வாயில் இருந்ததை விழுங்கித் தண்ணீரும் குடித்துவிட்டாள். அவளுக்கு வலப்பக்கம் வெளிறி ஒட்டிக்கொண்டிருந்த சாயல் மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தது.

அவள் அம்மா நஸ்ரின் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பின்னால் கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது, கீழே சனத்நகர்ச் சாலையில் ஒரு லாரி பெருமூச்சு விட்டு நின்றது, மேல்வீட்டில் யாரோ நாற்காலியைத் தரையோடு இழுத்தார்கள்; இத்தனைக்கும் நடுவில் அந்த வெளிறிய சின்ன வாய், தட்டில் ஒன்றும் மிச்சமில்லாதபோது, எந்த அவசரமும் இல்லாமல், ஒரு கன்னத்தில் எதையோ ஒதுக்கி அசைபோட்டது. பிறகு நின்றது. நஸ்ரின் இமைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது இரண்டு ஹஸ்னாக்களும் ஒன்றுபோலத் தட்டை நகர்த்தினார்கள்.

சாயல் என்பது நஸ்ரினாக வைத்துக்கொண்ட பெயர். கண் டாக்டர் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். அந்தப் பெயருக்குள்ளேயே பேய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு அதை வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. லேசர் செய்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவர்களில் சிலருக்கு இப்படி வருமாம். எதைப் பார்த்தாலும் அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, அதே பொருள் இன்னொரு முறை மங்கலாகத் தெரியும். ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு ட்யூப்லைட். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு குழாய். இந்தக் கண்ணை மூடினாலும் போகாது, அந்தக் கண்ணை மூடினாலும் போகாது. இது போதாதென்று கண் வறண்டு மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. அடிக்கடி இமைக்க வேண்டும், சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும், மற்றபடி மூளை பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். இரண்டில் ஒன்றை அது வைத்துக்கொள்ளும், மற்றதைக் கைவிட்டுவிடும், கைவிட்டது பிறகு திரும்பி வராது. அவர் இதைச் சிரித்த முகத்தோடு, நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

சொந்த ஊரான கம்பத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மூக்கில் ஏறிய கண்ணாடி அது. கல்யாணமாகிக் கணவன் ரஹீமோடு ஹைதராபாத் வந்த பிறகும், பட்டான்செருவில் ஊசிமருந்து செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போனது. அங்கே அவளுக்குக் கண்தான் வேலை. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்கும் பலகைக்கு முன்னால் விளக்கடியில் உட்கார்ந்து, மருந்துக் குப்பியை லேசாகச் சுழற்றி, உள்ளே தூசியோ நாரோ கண்ணாடித் துணுக்கோ மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது இடது பக்கத் தட்டுக்கு. கெட்டது வலது பக்கம் இருக்கும் சிவப்புத் தட்டுக்கு. ஒரே பார்வை, ஒரே முடிவு, இரண்டாம் முறை யோசிக்கக் கூடாது. பல வருஷப் பழக்கத்தில் அவள் வீட்டில் அழுகின தக்காளியைக்கூட வலப்பக்கமாகத்தான் ஒதுக்கி வைப்பாள்.

முகமூடிக்குள் விடும் மூச்சு மூக்குக்கண்ணாடியில் ஏறிப் பனி பிடித்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பிரிவுத் தலைவர் பக்தவத்சலம் நாலு பேர் முன்னால், இந்தம்மா மேகத்துக்குள் உட்கார்ந்து மருந்து பார்க்கிறார் என்று சொல்லிவிட்டார். நஸ்ரினுக்கு அது சுருக்கென்று தைத்தது. ரஹீம் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் லேசர் செய்துகொண்டாள். இப்போது கண்ணாடி இல்லை, பனியும் இல்லை, ஆனால் ஒரு குப்பி இரண்டு குப்பியாகத் தெரிகிறது. கண் சரியாகும்வரை அட்டைப்பெட்டி ஒட்டுகிற அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள்களின் சாயல் பாவம், சும்மா கிடந்தது. மனிதர்களின் சாயல்தான் அப்படிக் கிடக்கவில்லை.

மென்ற வாயைப் பார்த்த அன்றிலிருந்து அவள் கவனிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கொட்டாவி விட்டு வாயை மூடினால், சாயல் ஒரு நொடி கழித்து மூடியது. ரஹீம் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துச் சிரித்தால், அவனுக்கு வலப்பக்கம் இருந்த ரஹீம் முதலில் தாமதித்துச் சிரித்தான், அப்புறம் பாதி சிரித்தான், அப்புறம் சிரிக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் மின்சாரம் போய் வந்தபோது, ஊதுபத்தி வாசனையும் இன்வெர்ட்டரின் ரீங்காரமும் நிறைந்த அந்தச் சின்னக் கூடத்தில், ரஹீம் கைப்பேசியில் குனிந்திருக்க, வெளிறிய ரஹீம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அன்பு இல்லை, கோபம்கூட இல்லை. வாடகைக்கு இருப்பவர் எப்போது காலி செய்வார் என்று வீட்டுக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அவளால் அடக்க முடியாமல் ரஹீமிடம் சொன்னாள். பாலாநகரில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவன், முதலில் பொறுமையாகத்தான் கேட்டான். டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னான், கண்ணில் இருப்பதை வெளியே இருப்பதாக நினைக்காதே என்றான்.

"கண்ணுல இருந்தா நான் பாக்குறப்பதானே இருக்கணும் மச்சான்? அது என்னைப் பாக்குது."

"நசீ, நான் அப்பவே சொன்னேன்ல, வேணாம்னு. நல்லா இருந்த கண்ணு." அவன் குரல் இறங்கியது. "புள்ள முன்னாடி இதெல்லாம் பேசாத. ஏற்கெனவே நீ மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறேன்னு அழுவுது."

அது உண்மை. நஸ்ரின் குழந்தையைப் பார்ப்பதை விட்டிருந்தாள். எல்லாச் சாயல்களிலும் ஹஸ்னாவுடையதுதான் மோசம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் அதே ரெட்டைச் சடையும் அதே பச்சைக் கவுனுமாக இருப்பது தலையைத் திருப்பி, கண்கொட்டாமல், அம்மாவையே பார்க்கும். ஹஸ்னா கூப்பிட்டால் நஸ்ரின் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள், அடுப்பைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஹஸ்னாவுக்குத் தமிழ் புரியும், ஆனால் பள்ளிக்கூடத்துத் தெலுங்கில்தான் வாய் திறக்கும். "இக்கட சூடம்மா" என்று முந்தானை இல்லாத அம்மாவின் கமீஸ் நுனியைப் பிடித்து இழுக்கும். இங்கே பாரும்மா. ஒரு நாளைக்கு எத்தனை தரம் இழுக்கும் என்று கணக்கே கிடையாது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறோமே என்று அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதால் கண்ணுக்கு நல்லது, வறட்சி குறையும் என்று தோன்றியபோது அவளுக்கே சிரிப்பும் வந்தது.

தன்னுடைய சாயலைப் பார்ப்பதை அவள் முதல் வாரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். இரண்டு நஸ்ரின்கள் நின்று தலை வாருவதைச் சகிக்க முடியாமல் பீரோக் கண்ணாடியின் மேல் ஒரு துப்பட்டாவைத் தொங்கவிட்டாள். குளியலறையில் இருந்த சின்னக் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். கைவாக்கில் சடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் கண்ணாடி என்று ஒன்று இல்லாமல் போனது.

பிறகு சாயல்கள் கறுக்க ஆரம்பித்தன.

வெளிறியிருந்தவற்றில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிறம் ஏறியது. துவைத்து வெளுத்த துணிக்கு யாரோ திரும்பச் சாயம் போடுவதுபோல, சாயல் ஹஸ்னாவின் கவுனில் பச்சை வந்தது, உதட்டில் சிவப்பு வந்தது. கூடவே அசல் கொஞ்சம் மங்கியதோ என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் என்றால் சிவப்புத் தட்டு, அது கம்பெனியில். இங்கே எதை எங்கே போடுவது? ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே அளவு தெளிவாக நின்றன. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் அடையாளம். அசல் இடது பக்கம், சாயல் வலது பக்கம். இதை மட்டும் அவள் விடவில்லை. தூங்கி எழுந்ததும் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இடது நல்லது. வலது கெட்டது.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூட வேன் வரும் அவசரத்தில், ஹஸ்னாவைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துச் சீப்பை எடுத்தாள். ஜன்னல் வெயில் கண்ணில் குத்தியது. கை கொஞ்சம் வலப்பக்கமாகப் போய்விட்டது. ஒன்றும் இல்லாத இடத்தில் சீப்பு சிக்கியது. விரலில் முடி பட்டது. குளிர்ந்த முடி, எண்ணெய்ப்பசை இல்லாமல் தேங்காய் நார்போல வறண்ட முடி. நஸ்ரின் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். ஹஸ்னா, இன்னும் சீப்பே படாத தலையோடு திரும்பி, என்னம்மா என்பதுபோலப் பார்த்தாள். வலப்பக்கம் இருந்தது வலிக்கிறாற்போல் தலையைத் தடவிக்கொண்டது. அன்றைக்கே நஸ்ரின் விடுப்புச் சொல்லிவிட்டு அமீர்பேட்டுக்கு, லேசர் செய்த கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் முடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொன்னால் வேறு டாக்டரிடம் அனுப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கருவிழியின் படத்தைக் கணினியில் காட்டி, இங்கே மேடு, அங்கே மேடு, அதனால்தான் இரண்டு பிம்பம், இன்னொரு முறை லேசர் காட்டி ஒன்றை அழித்துவிடலாம் என்றார் டாக்டர். அந்த ஒன்று எது என்பதை நோயாளிதான் காட்ட வேண்டும். இந்தக் கருவிழியின் தடிமனுக்கு இதோடு சரி, மூன்றாம் தடவை கிடையாது, அதனால் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். நஸ்ரினுக்கு நெஞ்சு லேசாயிற்று. பார்த்துப் பிரித்துச் சொல்வதுதானே அவள் தொழில்.

வழக்கமாகப் பரிசோதிக்கும் பெரிய அறையில் ஏசி பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் பரிசோதகர் ஜெயராம் அவளை ஒட்டினாற்போல் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். ஜெயராமுடையது தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு வந்த குடும்பம், அவர் தமிழில் பாதி உருது. அறை நீளம் போதாததால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடியில் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். பெயின்ட் வாசனை, ஸ்பிரிட் வாசனை, ஏசி இல்லாத புழுக்கம். விளக்கை அணைத்ததும் இருட்டில் எழுத்துகள் மட்டும் எரிந்தன. இரண்டு வரிசை. ஒன்றுக்கொன்று ஒட்டி, ஒரே அளவு கறுப்பாக.

"கைக்கு இவ்ளோ பயம் மேடம்? டென்ஷன் நக்கோ," என்றார் ஜெயராம். எதுக்கு பயம், டென்ஷன் வேண்டாம் என்பதுதான் அவர் வாயில் அப்படி வந்தது. "இப்ப ஒண்ணை மட்டும் சிவப்பாக்குறேன். சிவப்பா தெரியறது நிழலா, அசலா, அது மட்டும் சொல்லுங்க. நீங்க நிழல்னு சொன்னா மிஷின் அதைத்தான் அழிக்கும்."

அவள் முகத்தின் முன்னால் இருந்த கருவியில் ஏதோ சொடுக்கியது. வலப்பக்கத்து வரிசை சிவந்தது.

கம்பெனித் தட்டு மாதிரியே சிவப்பு. கம்பெனித் தட்டு இருக்கும் பக்கமே. நஸ்ரின் யோசிக்கவில்லை.

"நிழல். வலது பக்கம் இருக்கிறது எல்லாமே நிழல்."

"ஷூரா? திரும்பப் பாக்குறீங்களா?"

"வேணாம். அழிச்சிருங்க."

கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் இரண்டு ஜெயராம்கள் நின்றார்கள். வலப்பக்கத்து ஜெயராம் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து ஜெயராம் நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தார். நம் வேதனை தீர்வதில் இந்த மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாளே லேசர் வைத்துக்கொண்டார்கள். இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பி, கண்ணில் ஊற்றும் குளிர்ந்த தண்ணீர், தலைக்கு மேல் இரண்டு பச்சை விளக்குகள், அசையாதீர்கள் என்ற குரல். டிக் டிக் என்று இயந்திரம் துடிக்க, முடி தீய்ந்தாற்போல் ஒரு வாசனை எழுந்தது. அது தன் கண்ணின் வாசனை என்று அவளுக்குத் தெரியும், போன முறையும் இதே வாசனைதான். இந்த முறை அந்த வாசனைக்குள் இன்னொன்றும் கேட்டது. மிகத் தொலைவில், மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு குழந்தையின் அழுகை. ஒரு பச்சை விளக்கு மங்கியது. அழுகை நின்றது. ஆஸ்பத்திரி என்றால் குழந்தை அழத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரையின் மயக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்தே கிடந்தாள். அடுத்த நாள் பொழுது சாயும்போதுதான் புகைமூட்டம் விலகியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ட்யூப்லைட் ஒன்று. மின்விசிறி ஒன்று. கதவு ஒன்று. அவள் கட்டிலில் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னாள். ரஹீம் அறை வாசலில் வந்து நின்றான், அவனும் ஒன்று, சட்டையின் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு பட்டனும் புதுசுபோலத் தெரிந்தன. அந்திநேர மக்ரிப் தொழுதுவிட்டு வருவதாகச் சொன்னான். குரல் முதலில் வந்தது, உதடு பிறகு அசைந்தது. மாத்திரை இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துத் தலையை ஆட்டினாள். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் அவன் வாசலிலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனான்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு சந்தோஷம். எழுந்து போய்ப் பீரோக் கண்ணாடியின் மேலிருந்து துப்பட்டாவை இழுத்தாள்.

எத்தனையோ நாள் கழித்துத் தன் முகம். கன்னம் வற்றியிருந்தாலும் தெளிவாக, ஒரே முகமாக இருந்தது. அதற்கு வலப்பக்கம் மட்டும் ஒரு வெளிறல், கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி. அழிந்துகொண்டிருக்கும் சாயல். வலது கெட்டது, போகட்டும். முன்னால் விழுந்த முடியை ஒதுக்க அவள் கையைத் தூக்கினாள்.

வெளிறல் கையைத் தூக்கியது.

தெளிவான முகம் அப்படியே நின்றது. பிறகுதான் அதன் கை எழுந்தது. முடியை ஒதுக்கியது. சிரித்தது.

நஸ்ரின் சிரிக்கவில்லை.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். வெளிறல் உடனே வைத்தது. கையை இறக்கினாள். வெளிறல் உடனே இறக்கியது. தெளிவானது ஒவ்வொன்றையும் ஒரு மூச்சு தாமதித்து, கற்றுக்கொள்வதுபோல, செய்தது.  வலது பக்கம்தானே? இப்போதும் வலது பக்கம்தானே இருக்கிறது? அவள் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். தெளிவான கட்டில். அதன் வெளிறல், இடது பக்கம். கதவைப் பார்த்தாள். இடது பக்கம். மறுபடி கண்ணாடியில் அதே கதவைப் பார்த்தாள். வலது பக்கம்.

கண்ணாடி பக்கத்தை மாற்றும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். ஜெயராமின் அறையில் அவள் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு, சிவப்பு வலது பக்கம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, கை பழகிய வேகத்தில், அசலைக் காட்டி அழிச்சிருங்க என்று சொல்லியிருக்கிறாள்.

"ஹஸ்னா."

கூப்பிட்டாள். கூடத்தில் வண்ணப் பென்சில்கள் உருளும் சத்தம். ஓடி வரும் காலடி. ஆனால் வாசலில் வந்து நின்றது ஓடி வரவில்லை, நடந்து வந்தது. பச்சைக் கவுன், ரெட்டைச் சடை, ஒவ்வொரு இமைமுடியையும் எண்ணிவிடுகிற தெளிவு. வாய் அசைந்துகொண்டிருந்தது. ஒரு கன்னத்தில் ஒதுக்கி, அவசரமில்லாமல், எதையோ மென்றுகொண்டிருந்தது.

நஸ்ரினின் கமீஸ் நுனியை யாரோ இழுத்தார்கள். இடது பக்கம். அவள் குனிந்து பார்த்தாள். கால் அருகில் காற்றில் ஒரு வெளிறல். ஒரு நெற்றி. இரண்டு கண்கள். மேலே நிமிர்ந்து அழுகிற ஒரு சின்ன முகம். உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. சத்தம் தேவையும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் கேட்ட சொல். இக்கட சூடம்மா.

"பாக்குறேன்டா. பாக்குறேன். அம்மா இங்கதான் பாக்குறேன்."

இமைத்தாள். முகம் இன்னும் கொஞ்சம் வெளிறியது.

புரிந்துவிட்டது. ஒவ்வொரு இமைப்புக்கும் கொஞ்சம். மூளை பழகிக்கொள்ளும். கைவிட்டது திரும்பி வராது. அவள் மண்டியிட்டுக் கைகளால் துழாவி அந்த முகத்தைப் பிடித்தாள். இளஞ்சூடு. தேங்காயெண்ணெய் வாசனை. இருக்கிறது, இன்னும் இருக்கிறது. ஆனால் உள்ளங்கைக்குள் கனமே இல்லை, சோப்பு நுரையைப் பிடித்தாற்போல. கண்ணை விரித்தாள். இமைக்கக் கூடாது. எரிந்தது. இமைக்கக் கூடாது. மணல். நெருப்பு. அழலாம், கண்ணீர் வந்தால் தாங்கலாம். கண்ணீர் வரவில்லை. வறண்ட கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மருந்துக் குப்பி கட்டிலுக்கு அந்தப் பக்கம், மேஜையில். எட்டாது. முகத்தைவிட்டுக் கையை எடுக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

மசூதியில் பாங்கு முடிந்து ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது. தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

காலடி நெருங்கியது. வாசலில் நின்றது அவளுக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டது. மெல்லும் சத்தம் காதருகில் கேட்டது. வறண்ட முடி கன்னத்தில் உரசியது.

மெல்லுவதை நிறுத்தி விழுங்கிக்கொண்டு, அது நல்ல தமிழில், ஹஸ்னாவின் வாயில் ஒருநாளும் வந்திராத தமிழில், பேசியது.

"இங்க பாரும்மா."

பிறகு இரண்டு குளிர்ந்த சின்ன விரல்கள், ஒரு கண்ணுக்கு ஒன்றாக, அவள் இமைகளின் மேல் வந்து உட்கார்ந்து, தூங்கப்போகிற பிள்ளைக்குச் செய்வதுபோல, மெதுவாகக் கீழே இழுத்தன.